தி. நகரின் ரசீதுகள் ஏன் தமிழ் பேசுவதில்லை?

தியாகராய நகரின் ஏதேனும் ஒரு பெரிய மளிகை அங்காடியில் அரைக் கிலோ புளி வாங்கினால், கையில் தரப்படும் ரசீதில் பெரும்பாலும் பி, யு, எல், ஐ என்ற நான்கு ரோமன் எழுத்துகளே இருக்கும். வாங்கியது புளியா புலியா என்பதை வாங்கியவர்தாம் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வெல்லமும் வெள்ளமும் அங்கே ஒன்றே. கொள்ளு வாங்கியவருக்குக் கொல்லச் சொல்லி ஓர் ஆணையே அச்சாகி வரும். இவற்றைச் சொல்லிச் சிரிப்பது நமக்குப் பழகிவிட்டது. சிரிப்பு அடங்கிய பின் எழ வேண்டிய கேள்வியை மட்டும் நாம் கேட்பதில்லை. தமிழர் விற்று, தமிழர் வாங்கி, தமிழிலேயே பேரம் பேசி முடிக்கும் ஒரு வணிகத்தின் எழுத்து வடிவம் மட்டும் எப்போது, யாருடைய முடிவால் தமிழை விட்டு விலகியது?

கவிதையும் கதையும் பேசுகிற இடத்தில் கடை ரசீதைப் பற்றி எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆண்டு முழுதும் ஒரு நூலைக்கூடத் திறக்காத வீடுகள் பல உண்டு. ரசீது நுழையாத வீடு ஒன்றும் இல்லை. ஒரு மொழி தாளில் ஏறும் இடங்களில் மிகச் சாதாரணமானதும் மிகுதியானதும் அதுவே. அவ்விடத்தில் தமிழ் இல்லை என்பது ஒரு நல்ல நாவல் கவனிக்கப்படாமல் போவதைவிடச் சிறிய செய்தியன்று என்பது நம் துணிபு.

பழைய நிலையை முதலில் நினைவுகூர்வோம். இப்பகுதி 1920களில் மனைகளாகப் பிரிக்கப்பட்டு உருவானது. நல்லி போன்ற பட்டுக்கடைகள் 1928லேயே இங்கே தொடங்கிவிட்டன. கணினி வரும் வரை கடைகளில் கணக்குப்பிள்ளைகள் இருந்தார்கள். சிட்டை, பேரேடு, ஐந்தொகை, வரவு, பற்று, நிலுவை, ரொக்கம், கழிவு என்று வணிகத்துக்கு முழுமையான ஒரு சொல்தொகுதி தமிழில் வழங்கிற்று. கார்பன் தாள் வைத்து எழுதப்பட்ட கைச்சீட்டில் 'து. பருப்பு 1 கி', 'உ. பருப்பு ½ கி' என்று தமிழிலேயே எழுதினார்கள். அந்தக் கையெழுத்து சில சமயம் பிரம்மலிபியாகவே இருந்தது என்பது உண்மைதான். ஆயினும் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு மூதாட்டி வீட்டுக்கு வந்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வரி வரியாக அதைச் சரிபார்க்க முடிந்தது. இன்று அதே மூதாட்டி பேரனை அழைத்துப் படிக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கட்டுரையின் காரணம் இது ஒன்றே, மற்றவையெல்லாம் விளக்கம்.

கணினிதான் இதைச் செய்தது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். ஆனால் திரை, விசைப்பலகை, நிரல் ஆகியவற்றைவிட அச்சுப்பொறிக்கே இதில் பெரிய பங்கு உண்டு. இன்னும் கூர்மையாகச் சொன்னால், அச்சுப்பொறியின் உள்ளே தொழிற்சாலையிலேயே பதித்து அனுப்பப்பட்ட எழுத்துக்கு. ஆங்கிலத்தில் 'டிஃபால்ட்' என்பார்கள். தமிழில் முன்னிருப்பு என்றும் இயல்பிருப்பு என்றும் இரு சொற்கள் வழங்குகின்றன. 'இயல்பு' என்ற சொல்லில் ஓர் ஏமாற்று இருக்கிறது. யாரோ ஒருவர் தெரிவு செய்து வைத்துவிட்டுப் போனதை இயற்கை என்று அது நம்மை எண்ண வைக்கிறது. எனவே நாம் முன்னிருப்பு என்றே சொல்வோம்.

முதன்முதலில் பெருவணிகத்துக்கு வந்த கணினிகளின் அச்சுப்பொறிகளில் எழுத்துரு என்பது உண்மையாகவே உலோகம். ஐபிஎம் நிறுவனத்தின் 1401 கணினியோடு 1959இல் அறிமுகமான 1403 வரி அச்சுப்பொறியில் ஒரு சங்கிலி சுழன்றுகொண்டே இருக்கும். அதில் 48 குறிகள் கொண்ட ஒரு தொகுதி ஐந்து முறை திரும்பத் திரும்ப அமைந்திருக்கும். இருபத்தாறு பெரிய எழுத்துகள், பத்து இலக்கங்கள், பன்னிரண்டு குறிகள், அவ்வளவே. ஒரு வரிக்கு 132 இடங்கள். நிமிடத்துக்கு 600 வரிகள். ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகளுக்கே இடமில்லாத அந்தச் சங்கிலியில் 247 எழுத்துகள் கொண்ட தமிழ் ஏறியிருக்க வாய்ப்பே இல்லை. நம் பெற்றோரின் பெயர்கள் காப்பீட்டுத் தாள்களிலும் வங்கிக் கடிதங்களிலும் எல்லாம் பெரிய எழுத்துகளாக, யாரோ உரக்கக் கத்துவது போல அச்சாகி வந்ததன் மூலம் இங்கேதான் இருக்கிறது. அந்தப் பழக்கம் சங்கிலி ஒழிந்த பிறகும் ஒழியவில்லை. சிறிய எழுத்து வசதியாகக் கிடைக்கும் இந்நாளிலும் அரசுப் படிவங்கள் 'கேப்பிட்டல் எழுத்தில் நிரப்புக' என்றே கேட்கின்றன.

அடுத்த தலைமுறைக்குக் கூரியர் வாய்த்தது. ஹோவர்ட் கெட்லர் என்பவர் 1950களில் ஐபிஎம் தட்டச்சுப்பொறிகளுக்காக வரைந்த எழுத்துரு அது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லியான 'ஐ'க்குக் காலிலும் தலையிலும் கோடு போட்டு அகலப்படுத்தியும், பருத்த 'எம்'மை இரு பக்கமும் நெரித்தும் அந்தச் சமத்துவம் எட்டப்பட்டது. அதன் வடிவம் எவருக்கும் தனியுரிமை ஆகாமல் போனதால் எல்லா நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. ஐபிஎம்மின் ஏஎஸ்/400 வணிகக் கணினி 1988இல் வந்தது. அதன் அச்சு அமைப்பில் எழுத்துருக்களுக்கு எண்கள் உண்டு. கூரியருக்கு எண் 11. நிரலாளர் எதுவும் சொல்லாமல் விட்டால் பொறி தானாக எடுத்துக்கொள்ளும் எண்ணும் வழக்கமாக அதுவே. 1984இல் வந்த ஹெச்பி லேசர்ஜெட்டிலும் உள்ளே இருந்தது கூரியர்தான்.

பெரிய கணினிகள் இருந்த இடம் வேறு, தி. நகர் கடைகளுக்கு வந்தது ஊசி அச்சுப்பொறி, அதாவது டாட் மேட்ரிக்ஸ். 1980இல் எப்சன் எம்எக்ஸ்-80 வந்த பின் அதுவே உலகெங்கும் மாதிரியாயிற்று. நம் ஊரில் விப்ரோ, டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸ் முதலிய பெயர்களில் கல்லாப்பெட்டிக்கு அருகே அமர்ந்து கிறீச்சிட்ட பொறிகள் பலவும் அதே கட்டளை மொழியைப் பின்பற்றியவையே. அச்சுத்தலையில் நெடுக்காக ஒன்பது ஊசிகள். ஓர் ஊசிக்கும் அடுத்ததற்கும் இடையே அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. மேலே ஏழு ஊசிகளில் எழுத்தின் உடல் அமையும்; கீழே உள்ள இரண்டு ஊசிகள் 'ஜி', 'ஒய்' போன்ற சிறிய எழுத்துகளின் வாலுக்கு.

இந்தப் பொறிகளில் அயல்நாட்டு எழுத்துத் தொகுதி என ஒரு வசதி இருந்ததை அதன் கையேட்டைப் புரட்டியவர்கள் அறிவார்கள். அக்காலத்து எப்சன் எஃப்எக்ஸ் வரிசையில் அமெரிக்கா, பிரான்சு, ஜெர்மனி, இங்கிலாந்து, டென்மார்க், சுவீடன், இத்தாலி, ஸ்பெயின், ஜப்பான் என்று நாடுகள் வரிசையாக இருக்கும். ஒரு சிறு கட்டளையால் டாலர் குறியை விட்டு பவுண்டுக்கோ யென்னுக்கோ மாறிவிடலாம். அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. டென்மார்க்குக்கு ஓர் இடம், நமக்கு இல்லை. இதில் சதி ஒன்றும் இல்லை. வாங்குவோரை எண்ணித் தயாரித்தார்கள். நம்மை எண்ணுவதற்கு நாம் கேட்டிருக்க வேண்டும்.

ஒன்பது ஊசியில் தமிழ் எழுத முடியுமா? முயன்றவர்கள் உண்டு. பயனர் தாமே எழுத்துகளை வரைந்து பொறியின் நினைவகத்தில் இறக்கிக்கொள்ளும் வசதி அதே எஃப்எக்ஸ் வரிசையில் இருந்தது. இடர்கள் மூன்று. முதலாவது உயரம். இறக்கிய எழுத்துக்கு ஒரு நேரத்தில் எட்டு ஊசிகளே கிடைக்கும். அந்த எட்டுப் புள்ளி உயரத்துக்குள் 'கி'யின் மேல் வளைவும் 'ழு'வின் கீழ் வாலும் அடங்க வேண்டும். ழகரத்தின் அடிச்சுழி இரண்டு புள்ளியாகச் சுருங்கினால் அது மகரத்தின் மேல் தூசு விழுந்தது போல் தோன்றும். இரண்டாவது அகலம். ரகரமும் ஞகரமும் ஒரே அகலத்தில் எப்படி நிற்கும்? 'ஐ'க்குக் காலில் கோடு போட்டது போல ரகரத்துக்குப் போட்டால் அது வேறோர் எழுத்தாகிவிடும். 'ணௌ' என்பதற்கு மூன்று கட்டங்கள் வேண்டும். அப்போது விலைப்பட்டியலின் நெடுக்கு வரிசைகள் நெளியும். மூன்றாவதுதான் நமக்கு வேடிக்கை: பொறியில் இறக்கிய எழுத்துகள் மின்சாரம் போனால் அழிந்துவிடும். சென்னையில், கோடையில், 1980களில்! ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பின்னும் கடைக்காரர் தமிழை மறுபடி ஏற்ற வேண்டும். ஆங்கிலம் மட்டும் அழியாத நினைவகத்தில் உட்கார்ந்திருந்து, விளக்கு எரிந்தவுடன் வேலைக்குத் தயாராக நிற்கும். முன்னிருப்பு என்பதன் வலிமையை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது.

ஆனால் தமிழ் பொறிகளுக்கு ஒவ்வாத மொழி என்ற பேச்சு அன்று பரவியதே, அது பொய். யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா 1930களிலேயே தமிழுக்குத் தட்டச்சுப்பொறி அமைத்துவிட்டார். கொம்பும் விசிறியும் தாள் நகராமல் விழும்படி செய்து, சில பத்து விசைகளில் முழுத் தமிழும் எழுத வழி கண்டவர் அவர். தமிழ்த் தட்டச்சுக்கு அரசுத் தேர்வே நடந்தது, இன்றும் நடக்கிறது. 1978இல் அரசாணை வழியாக ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் பழைய சுழிவடிவங்கள் நீக்கப்பட்டபோது சொல்லப்பட்ட காரணங்களில் அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிமை என்பது முதன்மையானது. பொறிக்காகத் தமிழ் தன் உருவத்தையே சற்று மாற்றிக்கொண்டது. பொறி தமிழுக்காக ஓர் ஊசியையும் கூட்டிக்கொள்ளவில்லை.

அரசுத் தரப்பிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. கான்பூர் ஐஐடியில் 1980களில் தொடங்கிய ஆய்வு, பின்பு புனேயின் சி-டாக் நிறுவனத்தில் 'ஜிஸ்ட்' அட்டையாக வளர்ந்தது. டாஸ் இயங்கும் கணினியில் அதைச் செருகினால் இந்திய மொழிகளில் தட்டவும் பார்க்கவும் முடியும். அதற்கு அடிப்படையான 'இஸ்கி' குறியீடு 1991இல் இந்தியத் தரமாக ஏற்கப்பட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டின் விளைவாக விசைப்பலகையும், டாம், டாப் என்ற இரு எழுத்துக் குறியீடுகளும் தரமாக்கப்பட்டன. இவற்றுள் 'டாப்' நம் பொருளுக்கு நெருங்கியது. 256 இடங்களில் முற்பாதியை ஆங்கிலத்துக்கும் பிற்பாதியைத் தமிழுக்கும் ஒதுக்கிய இருமொழிக் குறியீடு அது. கடை ரசீதுக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. அதற்குள் காலம் கடந்துவிட்டிருந்தது. கடைகளில் பாக்ஸ்ப்ரோவில் எழுதிய கணக்கு நிரல்கள் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்தன. பொருள்களின் பட்டியல்கள் ஆங்கிலத்தில் ஏறி இறுகிவிட்டிருந்தன. பதிப்பகங்களிலோ வேறு கூத்து. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு குறியீடு, ஒருவர் தட்டியதை அடுத்தவர் படிக்க இயலாது. மயிலாப்பூரின் பெயரைத் தாங்கிய 'மயிலை' எழுத்துருவைச் சுவிட்சர்லாந்தில் இருந்துகொண்டு கு. கல்யாணசுந்தரம் இலவசமாக வழங்கினார். மயிலையின் பக்கத்தூரான மாம்பலத்துக் கடைகளுக்கு அது எட்டவில்லை.

கடைக்காரர்கள் ஒரு வழி கண்டார்கள். தலைப்பை மட்டும் அச்சகத்தில் கொடுத்துத் தமிழில் அச்சிட்ட தொடர்தாளை வாங்கிக்கொண்டார்கள். மேலே பிள்ளையார் சுழி, கடையின் பெயர், 'விற்ற பொருளைத் திரும்பப் பெற இயலாது' என்ற எச்சரிக்கை ஆகியவை அழகான தமிழில். நடுவே வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் ஊசிகள் ஆங்கிலத்தைக் கொத்திவிட்டுப் போகும். தலை தமிழ், உடல் ஆங்கிலம். வாங்குபவர் படித்தே ஆக வேண்டிய பொருளும் விலையும் ஆங்கிலத்திலும், படித்தும் பயனில்லாத நிபந்தனைகள் தமிழிலும் அமைந்ததைத் தற்செயல் என்றே கொள்வோம்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு வந்தபோது ஊசிப் பொறியிலும் தமிழைப் படமாக அச்சிட வழி பிறந்தது. 2006இல் வந்த டேலி 9 தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இயங்கியது. ஆயினும் படமாக அச்சிடும்போது ஊசித்தலை ஒவ்வொரு வரிக்கும் பலமுறை போய்வர வேண்டும். பொறியில் உள்ள எழுத்தை அப்படியே பயன்படுத்தும் 'டிராஃப்ட்' முறையில் கணத்தில் முடியும் சீட்டு, பட முறையில் நெடுநேரம் முனகிக்கொண்டிருக்கும். ஆடித் தள்ளுபடியில் ரங்கநாதன் தெரு எப்படி இருக்கும் என்று தெரிந்த எவரும் அந்த நேரத்தைக் கடைக்காரரிடம் கேட்க மாட்டார். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் தமிழ்ப்பற்றைவிட வரிசை நகர்வது முக்கியம். இதை நாம் ஒப்புகிறோம்.

ஒப்பிய அந்தக் காரணம் இன்று இல்லை. கல்லாக்களில் இப்போது பெரும்பாலும் வெப்ப அச்சுப்பொறிகள். 80 மில்லிமீட்டர் அகலத் தாளில் 72 மில்லிமீட்டர் அச்சாகும். மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் வீதம் ஒரு வரியில் 576 புள்ளிகள். முன்னிருப்பு எழுத்து 12 புள்ளி அகலம், 24 புள்ளி உயரம். ஆகவே வரிக்கு 48 எழுத்துகள். ஒன்பது ஊசி எங்கே, இருபத்து நான்கு புள்ளி எங்கே! இந்த உயரத்தில் ழகரம் சுழியோடு நிமிர்ந்து நிற்கும். ஔகாரமும் திணறாது. வெப்பத்தலைக்கு அங்குமிங்கும் ஓடும் வேலை இல்லாததால், எழுத்தாக அனுப்பினாலும் படமாக அனுப்பினாலும் வாடிக்கையாளர் உணரும் அளவுக்கு வேகம் குறைவதில்லை. கடைகள் தம் சின்னத்தை ரசீதின் உச்சியில் படமாகத்தானே அச்சிடுகின்றன? அதே வழியில் தமிழும் வரும்.

இன்னொரு செய்தி நம்மைத் திகைக்க வைத்தது. இப்பொறிகளின் கட்டளை மொழியான 'ஈஎஸ்சி/பிஓஎஸ்' குறிப்பேட்டில் எழுத்து அட்டவணைகளுக்கு எண்கள் உண்டு. எண் 0 அமெரிக்காவுக்கானது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது பொதுவாக அதுதான் அமர்ந்திருக்கும். 66 தேவநாகரி, 67 வங்காளம், 68 தமிழ், 69 தெலுங்கு என்று வரிசை நீள்கிறது. தெற்காசியச் சந்தைக்கு எப்சன் அனுப்பிய சில மாதிரிகளில் இவை உள்ளேயே இருக்கின்றன. அதாவது, 1980களில் பட்டியலில் இல்லாத நாம் இப்போது பட்டியலில் இருக்கிறோம். இருந்தும், விலைக்கு வாங்கிய பொறியில் தமிழ் தூங்கிக்கொண்டிருப்பது அதை விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. பொறி மாறிவிட்டது, முன்னிருப்பு மாறவில்லை.

இனி எஞ்சியுள்ள காரணங்கள் பொறியைச் சார்ந்தவை அல்ல. பொருள்களின் பெயர்கள் பட்டைக் குறியோடு சேர்ந்து உற்பத்தியாளரிடமிருந்தே ஆங்கிலத்தில் வந்துவிடுகின்றன. அவற்றைத் தமிழில் யார் ஏற்றுவது என்பார்கள். பிற மாநிலத்தார் வாங்க வருகிறார்கள், கல்லாவிலேயே தமிழ் படிக்கத் தெரியாத ஊழியர்கள் இருக்கிறார்கள் என்பார்கள். தணிக்கையாளருக்கு ஆங்கிலமே வசதி என்பார்கள். கடைசிக் காரணம் வலுவற்றது. தணிக்கையாளர் பார்ப்பது கோப்பை, கசங்கிய சீட்டையன்று. பிற மாநிலத்தவரைப் பற்றிய காரணம் நேர்மையானது. அதற்கு விடை இரு மொழியிலும் அச்சிடுவது. பொருளின் பெயர் தமிழில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி. தாள் சற்று நீளும். விளம்பர வாசகங்களுக்காக இப்போது வீணாகும் நீளத்தைவிட அதிகமாகாது. பெயர்களை ஏற்றும் உழைப்பு மெய்யானது. ஆனால் அது ஒருமுறை உழைப்பு. உளுந்தும் துவரையும் ஆண்டுக்கொரு பெயர் மாற்றிக்கொள்வதில்லை. சிற்றூர்களின் மளிகைக் கடைகள் சில தமிழில் ரசீது தருகின்றன. அதற்கான மென்பொருள்கள் சந்தையில் உள்ளன. சிற்றூர்க் கடைக்கு இயன்றது நகரின் மாடி மாடியாக எழுந்த கடைகளுக்கு இயலாதா?

சட்டத்தின் பங்கையும் மறைப்பதற்கில்லை. கடையின் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்க வேண்டும் என்பது மாநில அரசின் விதி. அந்த விதி வாசலோடு நின்றுவிடுகிறது. பொட்டலங்களின் மேல் அச்சிட வேண்டிய விவரங்களை 2011ஆம் ஆண்டின் மைய அரசு விதிகள் தேவநாகரி எழுத்திலான இந்தியிலோ ஆங்கிலத்திலோ கேட்கின்றன; பிற மொழிகளைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை என்கின்றன. தடையில்லை என்பதற்கும் இருக்க வேண்டும் என்பதற்கும் உள்ள தொலைவுதான் எண் 0க்கும் எண் 68க்கும் உள்ள தொலைவு. சட்டத்துக்கும் ஒரு முன்னிருப்பு எழுத்துரு உண்டு போலும்.

எழுத்துரு அற்பமானது, அரசுகள் இதில் தலையிடுவது வேடிக்கை என்போருக்கு ஒரு செய்தி. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆவணங்களுக்குக் கூரியர் நியூவை விட்டு டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற 2004இல் ஆணையிட்டது. 2023இல் அதையும் விட்டுக் கலிப்ரிக்கு மாறியது. பார்வைக் குறைபாடு உள்ளோர் படிப்பதற்கு எளிது என்பது அப்போது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. யார் படிக்க வேண்டும் என்று கேட்டு எழுத்தைத் தெரிவு செய்யும் பண்பு அதில் இருந்தது. நம் நாட்டிலும் 2010 ஜூலையில் ரூபாய்க்குப் புதுக் குறி வந்தது. அதை வரைந்த உதயகுமார் தமிழ்நாட்டவர். 2025 மார்ச்சில் மாநில வரவுசெலவுத் திட்டத்தின் முகப்பில் அக்குறிக்கு மாற்றாக 'ரூ' இடம்பெற்றபோது நாடெங்கும் வாதம் மூண்டது. அந்த நாள்களில் தொலைக்காட்சியில் இரு தரப்பாரும் அனல் பறக்கப் பேசினார்கள். ஒருவராவது தம் சட்டைப் பையில் இருந்த கடைச் சீட்டை எடுத்துப் பார்த்திருந்தால், அந்த இரண்டு குறியும் இல்லாமல், ஆர், எஸ் என்ற ரோமன் எழுத்துகளோடு பழைய அட்டவணையே இன்னும் அரசாள்வதைக் கண்டிருக்கக்கூடும்.

ஊரின் பெயரே இதற்குச் சான்று. சர் பிட்டி தியாகராயரின் பெயரால் அமைந்தது இந்நகர். தமிழில் சுருக்கினால் தி. நகர். ரோமன் எழுத்தில் சுருக்கியபோது முதலெழுத்து 'டி' ஆயிற்று; இன்று பேச்சிலும் அது டி. நகர்தான். பாண்டி பஜாரில் இருப்பவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். ஆங்கிலப் பலகை அதைப் 'பாண்டி'யிலிருந்து 'போண்டி'யாக்கியதால், புதுச்சேரிக்கும் அந்தத் தெருவுக்கும் ஏதோ உறவு என்று நம்புவோர் இன்றும் உண்டு. எழுத்து ஒலியை மாற்றும். ஒலி நினைவை மாற்றும்.

நம்மைப் போன்றோருக்கு மிக அருகில் இருப்பது புத்தகக் கடை. தி. நகர் துணிக்கும் நகைக்கும் மட்டும் பெயர் பெற்ற ஊரன்று. வானதி, கண்ணதாசன், மணிமேகலை என்று தமிழ்ப் பதிப்பகங்கள் குடிகொண்ட ஊர். தமிழ் நூலை விற்பவரே தமிழில் ரசீது தராவிட்டால் பருப்பு விற்பவரை நாம் என்ன கேட்பது? புத்தகக் கடைகளில் இதன் கேடு வேறு வகையானது. நூலின் பெயர் ரோமன் எழுத்தில் ஏறி, ரசீதின் இருபது இடங்களுக்குள் வெட்டுண்டு, தலையோ வாலோ இல்லாமல் வருவதை நாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் கு. அழகிரிசாமியைத் தேடும்போது என்ன நடக்கிறது? ழகரத்தை இசட்-எச் என்று ஒருவர் ஏற்றியிருப்பார், எல் என்று இன்னொருவர் தேடுவார். 'ஸ்டாக் இல்லை சார்' என்று கணினி சொன்னதை ஊழியர் நமக்குச் சொல்வார். நூலோ நான்கடி தள்ளி அலமாரியில் இருக்கும். இந்த அனுபவம் நம் குழுவில் அனைவருக்கும் வெவ்வேறு கடைகளில் வாய்த்திருக்கிறது. விற்காத பிரதி பதிப்பகத்துக்குத் திரும்பும்போது, அந்த எழுத்தாளருக்கு வாசகர் இல்லை என்று கணக்கு எழுதப்படும். ஓர் எழுத்தாளரின் மறுபதிப்பு வராமல் போவதற்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஓர் அச்சுப்பொறியின் அட்டவணை எண்ணாக இருக்க வேண்டாம்.

எனவே நாம் தொடங்க வேண்டிய இடம் புத்தகக் கடை. பட்டியல் அங்கே சிறிது. பெயர்கள் அட்டையிலேயே தமிழில் அச்சாகி இருக்கின்றன. தட்டத் தெரிந்தவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். நூலை வாங்கியபின் கல்லாவில் ஒரு நிமிடம் நின்று, 'தமிழில் பில் வருமா?' என்று மட்டும் கேட்போம். வராது என்பார்கள். பொறியின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து, அதில் 68ஆம் அட்டவணை உண்டா என்று பார்த்துச் சொல்வோம். இல்லையென்றால் படமாக அச்சிடும் வழியைச் சொல்வோம். பெயர்களைத் தட்டிக் கொடுக்க ஆள் வேண்டுமென்றால், விடுமுறை நாள்களில் வந்து உட்கார நம் குழுவில் நால்வர் இருக்கிறோம். பட்டியலைக் கொடுத்தால் போதும்.